லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் கதையை வைத்து நாமே லெகோ செட் வடிவமைக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். கேள்வி அவ்வளவுதான் என்றால் இந்த ஒரு சொல்லோடு போயிருப்பேன். ஆனால் கீழே விளக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "செட் வாங்கி அடுக்குவது சரி, புதிதாக வடிவமைப்பதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் வேலை இல்லையா?" அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

உங்களுக்கு முப்பது தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். 2001-லிருந்து 2003 வரை அந்த மூன்று படங்களும் வந்தபோது பள்ளியில் படித்திருப்பீர்கள். சம்பளம் வாங்க ஆரம்பித்தபிறகு முதல் செட்டை வாங்கியிருப்பீர்கள். வீட்டில் "குழந்தைக்கா?" என்று கேட்டிருப்பார்கள், நீங்களும் ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருப்பீர்கள். இப்போது அடுக்கி முடித்த செட்டைப் பார்க்கப் பார்க்க, இதில் அந்த இடம் இல்லையே, இந்த ஆள் இல்லையே என்று அரிக்கிறது. சரியா?

எனக்கும் அப்படித்தான். இந்தக் கதைக்கு லெகோ செட்டுகள் 2012-இல் வரத் தொடங்கின. ஹெல்ம்ஸ் டீப் கோட்டை 1368 துண்டுகள், அடுத்த ஆண்டு ஆர்த்தாங்க் கோபுரம் 2359. முன்கதையான ஹாபிட் படங்கள் முடிந்ததோடு பல வருஷம் பேச்சு மூச்சில்லை. அப்புறம் 2023-இல் 6167 துண்டுகளும் 15 பொம்மை மனிதர்களுமாக ரிவண்டெல் பள்ளத்தாக்கு, 2024-இல் 5471 துண்டுகளில் பராத்-தூர் கோபுரம். எல்லாம் பிரமாதம், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது ரோஹன் நாட்டு மன்னனின் மெடுசெல்ட் மண்டபம். குன்றின் மேல், குதிரைத் தலைச் செதுக்கல்களோடு, கூரை வேய்ந்து நிற்குமே, அது.

வழக்கமான பதில், "ஸ்டுடியோ மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று தொடங்கும். இறக்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திரையிலேயே லெகோ அடுக்கிப் பார்க்கும் மென்பொருள் அது. லெகோ துண்டுகள் விற்கும் பிரிக்லிங்க் தளத்துடையது, இலவசம்தான். துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று இடித்துக்கொண்டு வைத்தால் காட்டிக்கொடுக்கும், படிப்படியான செயல்முறை விளக்கமும் தயாரித்துத் தரும். (இதற்கெல்லாம் வேர் 1995-இல் ஜேம்ஸ் ஜெஸிமன் என்ற ஆஸ்திரேலியர் எழுதிய எல்-டிரா என்ற மென்பொருள். 1997-லேயே அவர் இறந்துவிட்டார். அவர் வகுத்த கோப்பு முறை இன்றும் ஓடுகிறது.) ஆனால் திரையில் எல்லாத் துண்டும் எல்லா நிறத்திலும் எண்ணிக்கையில்லாமல் கிடைக்கும். அங்கேயே முதல் நாளைத் தொடங்கினால், லெகோ அந்த நிறத்தில் வார்த்தே இராத துண்டை ஐந்நூறு வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பீர்கள். நிறம் சரிபார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது, அதை அணைக்காதீர்கள்.

நான் சொல்வது அதற்கு முந்தைய வேலை. நீங்கள் கட்டப்போகும் பொருள் நிஜத்தில் எப்படிக் கட்டப்படுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கோபுரம் என்றால் கல் எப்படி அடுக்கப்படுகிறது, படகு என்றால் பலகை எப்படி வளைக்கப்படுகிறது, கூரை என்றால் எப்படி வேயப்படுகிறது. இங்கேதான் "வெளிநாட்டுக்காரர்கள் வேலை" என்ற உங்கள் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. கூரை வேய்வதைப் பற்றி எனக்கு யாராவது வெளியூரிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டுமா? நான் டெல்டாக்காரன். எங்கள் வீட்டுக் கொல்லையில் வைக்கோல் வேய்ந்த மாட்டுக் கொட்டகை இருந்தது. கோடையில் கூரையைப் பிரித்து மறுபடி வேயும்போது கீழே நின்று கட்டு கட்டாகத் தூக்கிக் கொடுக்கும் வேலை எனக்கு.

கூரையை எப்போதும் இறவாரத்திலிருந்து, அதாவது கீழ் விளிம்பிலிருந்து, மேலே வேய்ந்துகொண்டு போவார்கள். கீழ் வரிசையின் தலையை மேல் வரிசையின் கால் மூடும். கடைசியில்தான் முகடு. அது தனி வேலை: இரண்டு பக்கமும் சரியும்படி கவிழ்த்துப் போட்டு, வரிச்சு வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். எல்லாம் முடிந்தபின் இறவாரத்தில் தொங்கும் வைக்கோலை அரிவாளால் ஒரே மட்டமாக அறுத்துவிடுவார்கள். அறுத்த இடத்தில் கூரையின் கனம் தெரியும், ஆயிரக்கணக்கான தாள்களின் வெட்டு முனைகள் தெரியும். கூரை வீட்டுக்கு முகம் என்றால் அந்த விளிம்புதான்.

இப்போது பலரும் செய்யும் லெகோ கூரைகளைப் பாருங்கள். சாய்ந்த பிரிக்குகளை (செங்கல் போன்ற துண்டுகளை) வரிசையாக அடுக்கி, மழமழவென்று, விளிம்பில் ஒரு பிளேட் (பிரிக்கில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டைத் துண்டு) கனம்கூட இல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஓட்டு வீடு என்றால் ஓடும். கூரை வீட்டுக்கு ஒட்டாது. (திறமையாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், தெரியும். பின்னூட்டத்தில் படம் போட்டுச் சண்டைக்கு வர வேண்டாம்.)

என் மெடுசெல்ட் கூரையைக் கொட்டகை மாதிரியே வேய்ந்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு ஸ்டட் அகலம். (ஸ்டட் என்பது துண்டின் மேலிருக்கும் குமிழ், அகலத்துக்கு அதுதான் அளவு. குமிழ் இல்லாத வழவழப்பான தட்டைத் துண்டு டைல்.) கீழ் ஸ்டட்டில் பிளேட்டும் அதன் மேல் டைலும், மேல் ஸ்டட்டில் வெறும் டைல். அடுத்த வரிசை மறுபடி கனத்தில் தொடங்கும். பக்கவாட்டில் பார்த்தால் ரம்பப் பல் போல ஏறிக்கொண்டே போகும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு வரிசைக்கும் கீழே நிழல் விழும். இடையிடையே கம்பி போட்ட மாதிரி இருக்கும் 1×2 கிரில் டைல்களை, கோடு கீழ்நோக்கி ஓடும்படி, ஒழுங்கில்லாமல் தூவினேன். இறவாரத்தில் நான்கு பிளேட் கனம். அதன் முகப்பில் 1×1 வட்டப் பிளேட்டுகளைப் பக்கவாட்டில் திருப்பி நெருக்கி வைத்தால், அறுத்த வைக்கோல் முனை வந்துவிடுகிறது.

நிறத்துக்கும் இதுவே பதில். நாவலில் அந்தக் கூரை தூரத்திலிருந்து பொன் வேய்ந்தது போல் தெரியும் என்று வரும். உடனே எல்லோரும் பொன் நிறத் துண்டுகளைத் தேடி ஓடுகிறார்கள். விலை அதிகம், கிடைக்கும் வடிவங்கள் குறைவு, கட்டி முடித்தால் நகைக்கடை முகப்பு மாதிரி மின்னும். புது வைக்கோல் வெயிலில் எப்படி இருக்கும் என்று பார்த்தவனுக்கு டான் என்ற வெளிர் மணல் நிறம் போதும். பழைய வரிசைகளுக்கு டார்க் டான், வடக்குப் பக்கம் கொஞ்சம் ஆலிவ் பச்சை. தீர்ந்தது.

சாய்வுக்கு மட்டும் கணக்கு வேண்டும். கீல் வைத்து ஏதோ ஒரு கோணத்தில் சாய்த்துவிட்டால் மேல் முனை எங்கேயும் பொருந்தாமல் அந்தரத்தில் நிற்கும். அதற்கு நம் பள்ளிக்கூட 3-4-5 முக்கோணம். கூரைப் பலகை 20 ஸ்டட், அடி 12 ஸ்டட் என்றால் உயரம் 16 ஸ்டட், கோணம் சுமார் 53 டிகிரி. ஒரு ஸ்டட் 8 மில்லிமீட்டர், ஆக 128 மில்லிமீட்டர் உயரம். ஒரு பிளேட் 3.2 மில்லிமீட்டர், சரியாக 40 பிளேட். அதாவது 13 பிரிக்கும் ஒரு பிளேட்டும். மிச்சமே விழவில்லை. இரண்டு ஸ்டட் அகலமும் ஐந்து பிளேட் உயரமும் ஒன்று என்பதால் வரும் வசதி இது. கீல் அச்சிலிருந்து அச்சுக்கு அளக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 53 டிகிரி சாய்வு கூரைக்கும் பொருத்தம், படுத்த சாய்வில் வைக்கோல் தண்ணீரை வடிக்காது.

இரண்டு பலகைகளும் மேலே சேரும் இடத்தில் ஒரு இடைவெளி விழும். கீல் வைத்த கூரை எல்லாவற்றிலும் விழும், அதன் மேல் ஒரு வரிசை டைலை வைத்து மூடுவது வழக்கம். நானும் அப்படித்தான் மூடி வைத்திருந்தேன். ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். காபி டம்ளரோடு மேசைப் பக்கம் வந்தவர் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார்.

"யாரு வீடுடா இது?"

"ஒரு ராஜா வீடு பெரியப்பா. கதையில வர்றது."

"ராஜா வீடுங்கற. முகட்டுல இப்படிப் பட்டையா ஒண்ணை வச்சிருக்கியே, முதல் மழைக்கே உள்ள ஒழுகுமே. கவுத்துப் போடணும்டா."

அந்த மனிதருக்கு லெகோவும் தெரியாது, ரோஹனும் தெரியாது. இணையத்தில் படம் போட்டபோது நூறு பேர் "சூப்பர்" என்றார்கள், ஒருவர்கூட முகட்டைப் பற்றிப் பேசவில்லை. அன்றைக்கே பட்டையை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சரியும் சிறிய சாய்வுத் துண்டுகளால் முகட்டைக் கவிழ்த்துப் போட்டு, குறுக்கே பழுப்பு நிறக் குச்சிகளை வரிச்சாக வைத்தேன். கூரை முழுதும் அதற்குப் பிறகுதான் கனத்து உட்கார்ந்தது.

இந்த இடத்தில் வேறொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரிந்தே. என் மகள் மூன்றாம் வகுப்பில் "வீட்டின் வகைகள்" ப்ராஜெக்டுக்குக் கூரை வீடு செய்தாள். தென்னங்குச்சி, நிஜ வைக்கோல், கொஞ்சம் களிமண், எல்லாம் அவள் கையால். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். முதல் பரிசு போனது தெருமுனைக் கடையில் வாங்கிய தெர்மாகோல் வீட்டுக்கு, விலைச்சீட்டைக் கிழித்த தடம்கூட அடியில் இருந்தது. எந்தப் பள்ளி என்று சொல்லமாட்டேன், எல்லாப் பள்ளியும் அதுதான். குழந்தை செய்ததைக் குழந்தை செய்தது போல் இருக்கிறதே என்று மதிப்பெண் குறைப்பார்கள். அப்புறம் வளர்ந்தபின் நாமே வந்து "வடிவமைப்பு வெளிநாட்டுக்காரர் வேலை இல்லையா" என்று கேட்போம். உங்களைச் சொல்லவில்லை. சரி, விடுங்கள்.

பணம். இதைக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள், ஆனால் மனதில் இருக்கும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. அதனால் வடிவமைப்பை முழுதாக முடித்துவிட்டுத் துண்டுகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்று திட்டமிட்டால் கையைக் கடிக்கும். நம் ஊரிலேயே பழைய லெகோவைக் கிலோக்கணக்கில் விற்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் அதை வாங்குங்கள், கிடைத்ததைப் பார்த்து வடிவமையுங்கள். பழைய குவியலில் இரண்டு விதச் சாம்பல் நிறம் கலந்து வரும். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தை நீலம் கலந்ததாக மாற்றியதன் விளைவு. பிரித்து வைக்க வேண்டாம். மண்டபத்தின் கல் மேடைக்கு இரண்டையும் கலந்தே அடித்தேன், வெயில் மழை பட்ட கல் போல அமைந்துவிட்டது. "பணக்காரப் பொழுதுபோக்கு" என்று ஒருவர் கண்டிப்பாக வந்து எழுதுவார். வாரக்கடைசியில் மாலுக்குக் குடும்பத்தோடு போய் வரும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள் ஐயா.

விற்கலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். இந்தக் கதையை வைத்துப் படம், பொம்மை போன்றவை செய்யும் உரிமை மிடில்-எர்த் என்டர்பிரைசஸ் கையில் இருக்கிறது, 2022-இல் எம்பிரேசர் குழுமம் அதை வாங்கியது. அந்தப் பெயர்களை வைத்துப் பெட்டி போட்டு விற்க நினைத்தால் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். ரசிகர்கள் தங்கள் வடிவமைப்பை லெகோவிடமே முன்வைக்கும் லெகோ ஐடியாஸ் என்ற வழி உண்டு: 10,000 பேர் ஆதரவு கிடைத்தால் நிறுவனம் பரிசீலிக்கும், செட்டாக வந்தால் நிகர விற்பனையில் ஒரு சதவீதம் வடிவமைத்தவருக்கு. ஆனால் அந்தப் பத்தாயிரத்தைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவை நிராகரிக்கப்படுகின்றன. அதை நம்பிக் கூரையில் ஏறாதீர்கள். வெறும் செயல்முறை விளக்கத்தை ரீபிரிக்கபிள் போன்ற தளங்களில் பலர் போடுகிறார்கள், நான் இன்னும் போடவில்லை. குன்று முடியவில்லை. பாறையைச் செங்குத்தாக வைத்தால் மேசை தாங்குகிறது, படி ஏற வழியில்லை. சரிவாக வைத்தால் படி வருகிறது, துண்டு இரண்டு மடங்கு தின்கிறது. கூரையின் ஸ்டுடியோ கோப்பு மட்டும் வேண்டுமென்றால் செய்தி அனுப்புங்கள், தருகிறேன். காசு வேண்டாம்.