பாதியில நிக்கிற ஸ்கிரிப்ட்

கேள்வி: அஞ்சாறு டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) சர்வர எஸ்எஸ்ஹெச் வழியா, அதாவது தூரத்துல இருந்தே, ஒரே ஸ்கிரிப்ட்ல அப்கிரேட் பண்றேன். சாஃப்ட்வேர் பேக்கேஜ் போடுற ஆப்ட் (apt) கமாண்ட்தான், கேட்டதுக்கெல்லாம் 'ஆமா' சொல்ல மைனஸ் ஒய்யும் (-y) குடுத்திருக்கேன், அவுட்புட் லாக் (log, பதிவு) ஃபைலுக்குப் போகுது. ஆனா சில சர்வர்ல மட்டும் பாதியில அப்படியே நிக்குது, ஏன்?

பதில்: அங்க யாரோ உங்ககிட்ட கேள்வி கேட்டுட்டு பதிலுக்காக காத்துட்டு இருக்காங்க, கேள்வி லாக்குக்குள்ள போயிட்டதால உங்களுக்குத் தெரியல. மைனஸ் ஒய் ஆப்ட் கேக்குற கேள்விக்கு மட்டும்தான் 'ஆமா' சொல்லும், அதுக்குக் கீழ பேக்கேஜோட செட்டிங்ஸ் கேக்குற டெப்கான்ஃப் (debconf) தனியா கேக்கும், பேக்கேஜ நிஜமா இன்ஸ்டால் பண்ற டிபிகேஜி (dpkg) தனியா கேக்கும். நீங்க கையால மாத்தின கான்ஃபிக் ஃபைல் புது வெர்ஷன்லயும் மாறியிருந்தா எத வச்சுக்கணும்னு டிபிகேஜி கேட்டே தீரும், அதான் சில சர்வர்ல மட்டும் நிக்குது. டெபியன் ஃப்ரண்ட்எண்ட் வேரியபிள நான்இன்டராக்டிவ்னு வச்சா டெப்கான்ஃப் மட்டும்தான் அடங்கும், அதையும் சூடோவுக்கு (அட்மின் உரிமையோட ஓட்டுற sudo கமாண்ட்) முன்னாடி போட்டா பெரும்பாலும் உள்ள போய்ச் சேராது, பின்னாடி போடுங்க. டிபிகேஜிக்கு ஃபோர்ஸ் கான்ஃப்டெஃப், ஃபோர்ஸ் கான்ஃப்ஓல்ட் ரெண்டு ஆப்ஷனும் சேர்த்துக் குடுங்க, உங்க ஃபைல் அப்படியே இருக்கும், புதுசு பக்கத்துலயே டிபிகேஜி-டிஸ்ட்ங்கிற பேர்ல உக்காந்திருக்கும், அப்புறமா நிதானமா ஒப்பிட்டுப் பாருங்க. அப்படியே ஆப்ட்ட எடுத்துட்டு ஆப்ட்-கெட் போட்டுடுங்க. 2014ல 1.0 வெர்ஷனோட வந்த அந்த ஆப்ட் கமாண்ட் ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து டைப் பண்றவங்களுக்கானது, அதோட அவுட்புட் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறலாம், ஸ்கிரிப்ட்ல ஓட்டுனா அதுவே வார்னிங் குடுக்குது.

கேள்வி: வேற ப்ராசஸ் லாக் (இது lock, பூட்டு) புடிச்சிருக்குன்னு எரர் வருது. அந்த லாக் (lock) ஃபைல அழிக்கிற வரிய ஸ்கிரிப்ட்லயே போட்டுடலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேண்டாம். பின்னாடி தானாவே அப்டேட் போடுற அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் ஓடிட்டு இருக்கலாம். லாக்ங்கிறது அந்த ஃபைல் மேல கெர்னல்ல (சிஸ்டத்தோட மையப் பகுதி) புடிச்சு வச்சிருக்கிறது, ஃபைல அழிச்சா உங்க ஸ்கிரிப்ட் புதுசா ஒரு ஃபைல உண்டாக்கி அதுல லாக் வாங்கிடும், ரெண்டு பேரும் ஒரே பேக்கேஜ் டேட்டாபேஸ்ல எழுதுவீங்க, அப்புறம் அத சரி பண்றது பெரும்பாடு. டிபிகேஜி லாக் டைம்அவுட்னு ஒரு ஆப்ஷன் டெபியன் 11, உபுண்டு 20.04ல இருந்தே இருக்கு, 300னு குடுத்தா அஞ்சு நிமிஷம் வரைக்கும் பொறுமையா காத்திருக்கும்.

கேள்வி: பேக்கேஜ் இருக்கான்னு பாக்க டிபிகேஜி மைனஸ் எஸ் போதுமா?

பதில்: போதாது. ரிமூவ் பண்ணி கான்ஃபிக் மட்டும் மிச்சம் இருந்தாலும் அது எக்ஸிட் கோட் 0தான் தரும், அதாவது 'இருக்கு'ங்கிற மாதிரியே தெரியும். டிபிகேஜி-குவரில ஸ்டேட்டஸ் ஃபீல்ட மட்டும் கேட்டு வாங்கி, இன்ஸ்டால்ட்னு இருக்கான்னு பாருங்க.