பக்கத்துக் காணியில் கல் அகழ்கிறார்கள், என் கிணறு என்ன ஆகும்?

கேள்வி: ஐயா, வலிகாமம் வடக்கில் எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், தோட்டத்தில் வெங்காயம் செய்கிறேன். நூறு யார் தள்ளி ஒரு காணியில் இரண்டு வருடமாகச் சுண்ணக்கல் அகழ்கிறார்கள். கிடங்கில் தண்ணீர் ஊறினால் மோட்டர் போட்டு இறைத்துவிட்டு இன்னும் ஆழமாக வெட்டுகிறார்கள். ஆனி கடைசிவரை தாங்கும் என் கிணற்றில் இம்முறை சித்திரையிலேயே ஊற்றுக் குறைந்துவிட்டது. இப்போது கிடங்கை மூடித் தருகிறோம் என்று இடிந்த வீட்டுக் கழிவும் குப்பையும் கொண்டுவந்து கொட்டத் தொடங்கியிருக்கிறார்கள். மூடினால் தண்ணீர் பழையபடி வருமா?

பதில்: முதலில் அந்தக் குப்பை லொறியை நிறுத்தப் பாருங்கள். குறைந்த தண்ணீர் மாரியில் திரும்ப வரும். குப்பையில் ஊறிக் கெட்ட தண்ணீரைத் திருத்துவது மிகக் கடினம்.

சரி, மட்டம் ஏன் இறங்கியது? கல்லை எடுப்பது மட்டும் காரணமாக இருக்காது. கிடங்கின் அடி, மாரி நீர்மட்டத்துக்கு மேலே நின்றிருந்தால் உங்கள் கிணற்று மட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது. அதற்குக் கீழே வெட்டுவதற்காக இறைக்கும்போது, கிடங்கைச் சுற்றியுள்ள நிலத்தடி நீர் அதை நோக்கி இழுபடுகிறது. நம் சுண்ணக்கல்லில் தண்ணீர் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் ஓடுவதால் இந்த இழுப்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்காது. கிடங்கை ஒட்டிய கிணறு அசையாமல் நிற்க, தள்ளியிருக்கும் கிணறு வற்றலாம். ஆகவே 'பக்கத்துக் கிணறு நன்றாகத்தானே இருக்கிறது' என்ற வாதத்தை ஏற்காதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை உப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். இரண்டின் அடர்த்தி வித்தியாசத்தை வைத்துப் போடும் கணக்குப்படி, நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்து அப்படியே நின்றால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் சுமார் 40 அடி மேலேறும். ஒரு நாள் இரண்டு நாள் இறைப்பால் இது நடக்காது. இரண்டு வருட இறைப்பை அப்படி விட்டுவிட முடியாது. மோட்டர் நின்றால் நீர்மட்டம் பெரும்பாலும் அடுத்த மாரியோடு மீளும், ஆனால் ஏறிய உப்பு இறங்கப் பல மாரி வேண்டும்.

ஆக, தண்ணீரைத் திரும்பக் கொண்டுவருவது இறைப்பை நிறுத்துவதுதான். மூடுவதன் பயன் வேறு. செம்மண் போர்வை அழுக்கை ஓரளவாவது வடிகட்டும். அதை வழித்து எடுத்த கிடங்கு, நிலத்தடி நீருக்கு வைத்த திறந்த வாசல். அதில் குப்பை போட்டால் அதன் சாறு வெடிப்பு வழியே நேராகக் கிணறுகளுக்குப் போகும். இடிந்த வீட்டுக் கழிவில் அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடும் பெயின்ற் பூசிய துண்டுகளும் கலந்துவரும், அதையும் விடாதீர்கள். அதே கிடங்கில் மிஞ்சிய சுத்தமான சுண்ணக்கல் துண்டுகளை மாரியின் உச்ச நீர்மட்டத்துக்கு மேல் வரும்வரை நிரப்பி, அதன் மேல் செம்மண் போடச் சொல்லுங்கள். அடியில் களிமண் போட்டால் நீரோடும் வெடிப்புகள் அடைபடும்.

குளமாகவே விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பரப்பு நீர்ப்பரப்பிலிருந்து தினமும் 1,250 லீற்றருக்கு மேல் போய்விடும். தோட்டங்களுக்கு நடுவே என்றால் மருந்தும் உரமும் கழுவிக்கொண்டு அதற்குள்தான் இறங்கும். பிள்ளைகள் விழும் ஆபத்தும் உண்டு. நீர்மட்டத்தைத் தொடாத ஆழமற்ற கிடங்கு என்றால் வேறு கதை. சுத்தமான மழைநீரை மட்டும் அதற்குள் விட்டு, படியும் வண்டலை ஒவ்வொரு கோடையும் அள்ளினால் நிலத்துக்குள் நீர் இறங்க அது உதவும்.

உங்கள் சந்தேகம் எனக்கு நியாயமாகவே படுகிறது, ஆனாலும் போன மாரி குறைந்ததாலும் கிணறு முந்தி வற்றும். இரண்டையும் பிரித்தறிய அளவு வேண்டும். கிணற்றுக் கட்டில் ஓர் அடையாளம் போட்டு, வாரம் ஒருமுறை விடியற்காலையில், நீங்கள் இறைக்கத் தொடங்குமுன், பாரம் கட்டிய கயிற்றால் நீர்மட்டம் வரை அளந்து கொப்பியில் எழுதுங்கள். கிடங்கில் மோட்டர் ஓடிய நாளையும் மழை நாளையும் பக்கத்திலேயே குறியுங்கள். ஊரின் மறுகோடியிலுள்ள ஒரு கிணற்றையும் அப்படியே அளக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் மழைக்குறைவு. மோட்டர் ஓடும்போது உங்களுடையது மட்டும் இறங்கினால் காரணம் கிடங்குதான். உப்புக்கும் நைத்திரேற்றுக்கும் இப்போது ஒருமுறை, மாரி முடிய ஒருமுறை ஆய்வுகூடத்தில் பரிசோதியுங்கள்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டப்படி அகழ்வுக்கு உரிமம் வேண்டும். எவ்வளவு ஆழம் வெட்டலாம், எப்படி மூட வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருக்கின்றனவா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். குப்பை கொட்டுவது பற்றிப் பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் இன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். கிடங்கின் படங்களை இன்றே எடுத்து அதோடு இணையுங்கள், அளவுக் கொப்பி நிறையும்வரை காத்திருக்க வேண்டாம்.