வாசகர் கேள்வி, சட்டப் பதில்: இயலாமை உதவித்தொகைக்காக நீதிபதி முன் நிற்பவருக்கு

கேள்வி: என் கணவருக்கு வயது 52. பல ஆண்டுகளாக இங்குள்ள ஓர் இந்திய உணவகத்தில் சமையல்காரராக இருந்தார். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, சர்க்கரை நோயால் பாதங்கள் மரத்துப்போவதும் சேர்ந்துகொள்ள, சென்ற ஆண்டு வேலையை விட்டுவிட்டார். அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியின் இயலாமை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். முதல் முறையும் நிராகரித்தார்கள், மறுபரிசீலனையிலும் நிராகரித்தார்கள். இப்போது நீதிபதி முன் விசாரணை என்று அறிவிப்பு வந்திருக்கிறது. ‘இவரால் எந்த வேலையும் செய்ய முடியாது’ என்று மருத்துவர் எழுதிய கடிதம் கையில் இருக்கிறது. அது போதுமா? வக்கீல் அவசியமா? என் கணவர் வலியை யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவர். அதுதான் என் பெரிய கவலை. (வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கவலை சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் முதலில் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது போதாது. ஒருவரால் வேலை செய்ய முடியுமா முடியாதா என்ற முடிவு சட்டப்படி அரசுத் துறையின் கையில் இருக்கிறது. 2017 மார்ச் 27 முதல் தாக்கலான விண்ணப்பங்களில், மருத்துவர் அந்த முடிவை எழுதிக் கொடுத்தால் நீதிபதி அதை ஆராய வேண்டிய கட்டாயமே இல்லை. மருத்துவரின் கருத்து அவருடைய சொந்தப் பரிசோதனைகளோடு பொருந்துகிறதா, மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகிறதா என்ற இரண்டையும்தான் நீதிபதி முக்கியமாகப் பார்ப்பார். ஆகவே அதே மருத்துவரிடம் மீண்டும் சென்று, உங்கள் கணவர் ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் நிற்க முடியும், எட்டு மணி நேர வேலை நாளில் மொத்தம் எவ்வளவு நேரம் நிற்கவும் உட்காரவும் முடியும், எத்தனை பவுண்டு தூக்கலாம், மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வர முடியாமல் போகும் என்பவற்றை எண்களாகவும், அந்த எண்களுக்கு எம்.ஆர்.ஐ.யோ நரம்புப் பரிசோதனையோ எப்படி ஆதாரம் ஆகிறது என்பதைக் காரணங்களாகவும் எழுதி வாங்குங்கள்.

உங்கள் கணவரின் வழக்கில் இந்த எண்கள் ஏன் உயிர்நாடி என்று விளக்க வேண்டும். நீதிபதி ஐந்து படிகளாக ஆராய்வார். இப்போது சம்பாதிக்கிறாரா, நோய் கடுமையானதா, அரசின் நோய்ப் பட்டியலில் கண்ட அளவுக்கு முற்றியதா என்பவை முதல் மூன்று. கடந்த ஐந்து ஆண்டுகளில் செய்த வேலைக்குத் திரும்ப முடியுமா என்பது நான்காவது. இந்தக் காலவரை 2024 ஜூன் வரை பதினைந்து ஆண்டுகளாக இருந்தது. நாட்டில் உள்ள வேறு ஏதேனும் வேலையைச் செய்ய முடியுமா என்பது ஐந்தாவது. பெரிய பாத்திரங்களைத் தூக்கி நாள் முழுவதும் நிற்கும் சமையல் வேலைக்கு அவர் திரும்ப முடியாது என்பதை நிறுவுவது அவ்வளவு கடினமாக இருக்காது. உண்மையான போராட்டம் ஐந்தாவது படியில் இருக்கிறது, அங்கே அவருடைய வயது அவருக்குத் துணை நிற்கிறது.

ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கென்று விதிகளில் ஓர் அட்டவணை உண்டு. அதன்படி, ஒருவர் உட்கார்ந்து செய்யும் வேலையை மட்டுமே செய்யக்கூடியவர் என்று நீதிபதி கண்டு, முன்பு கற்ற திறன் அத்தகைய வேறு வேலைக்குப் பயன்படாது என்றும் தெரிந்தால், பெரும்பாலும் அவர் இயலாதவர் என்றே முடிவாகும். அதற்கு ஒரு படி மேலே, இலகுவான வேலை செய்யக்கூடியவர் என்று கண்டால், 52 வயதில் முடிவு பெரும்பாலும் எதிராகவே அமையும். (55 வயதில் அந்த நிலையும் மாறுகிறது.) உட்கார்ந்த வேலை என்றால் அதிகபட்சம் 10 பவுண்டு தூக்குவதும், நாளில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிற்பதும் நடப்பதும். இலகுவான வேலை என்றால் 20 பவுண்டும் ஆறு மணி நேரமும். ஆகவே உங்கள் கணவர் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று நீதிபதி கேட்கும்போது, வழக்கின் முடிவே அந்தப் பதிலில் தங்கியிருக்கலாம்.

இப்போது உங்கள் பெரிய கவலைக்கு வருகிறேன். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர், உத்தியோகத்தில் உள்ள ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்டால், உடம்பு சுமாராக இருக்கிறது, சமாளித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவார்கள். அது மரியாதையிலிருந்து வருவது, ஆனால் ஒலிப்பதிவாகும் விசாரணையில் அது வாக்குமூலமாகிவிடும். அழுது புலம்பச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்வது குறைத்துச் சொல்வதை விடவும் கெடுதல், ஏனெனில் நீதிபதி ஆவணங்களை முன்பே படித்திருப்பார். அளவாக, உள்ளதை உள்ளபடி சொல்லப் பழக வேண்டும். “எவ்வளவு எடை தூக்குவீர்கள்?” என்றால் “அதிகம் முடியாது” என்பது பதிலாகாது. ஒரு கேலன் பால் கேன் ஏறக்குறைய எட்டரை பவுண்டு. அதை ஃபிரிட்ஜிலிருந்து மேசைக்கு ஒரு கையால் கொண்டுவருவாரா, இரண்டு கையாலா, நாளில் எத்தனை முறை? கடையில் விற்கும் 20 பவுண்டு அரிசிப் பையைக் காரிலிருந்து இறக்குவது யார்? இப்படி வீட்டிலேயே பார்த்துக் குறித்துவையுங்கள். ஒரு நாள் அவர் அடுப்பின் முன் நின்ற நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். காலையில் எழுந்ததிலிருந்து இரவு வரை எத்தனை முறை படுக்கிறார், எவ்வளவு நேரம் படுக்கிறார் என்பதும் முக்கியம், ஏனெனில் முதலாளி யாரும் வேலை நேரத்தில் படுக்க விடமாட்டார். நல்ல நாளும் மோசமான நாளும் மாறி மாறி வருமானால், மாதத்தில் எது எத்தனை நாள் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

விண்ணப்பித்த காலத்தில் அன்றாடச் செயல்பாடுகளைப் பற்றி ஒரு நீண்ட படிவம் நிரப்பியிருப்பீர்கள். அதை எடுத்து இருவரும் மீண்டும் படியுங்கள். ‘சமைக்கிறேன், வாரந்தோறும் கோயிலுக்குப் போகிறேன்’ என்று அதில் இருந்தால் நீதிபதி அதைக் கேட்கத்தான் செய்வார். சமைப்பது என்றால் நீங்கள் நறுக்கிவைத்ததை நாற்காலியில் உட்கார்ந்து தாளிப்பதா? கோயிலில் சுவரோரம் நாற்காலியில் சிறிது நேரம் இருந்துவிட்டுத் தீபாராதனைக்கு முன்பே திரும்பிவிடுவாரா? அப்படியானால் அப்படியே சொல்லட்டும்.

விசாரணை ஒரு சிறிய அறையில், பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பார்வையாளர்கள் இருக்க மாட்டார்கள், எதிர்த்தரப்பு வக்கீலும் கிடையாது. பெரும்பாலும் தொழில் வல்லுநர் ஒருவர் சாட்சி சொல்வார். இத்தனை பவுண்டு தூக்கி இத்தனை மணி நேரம் நிற்கக்கூடிய ஒருவருக்கு என்ன வேலை உண்டு என்று நீதிபதி அவரிடம் கேட்பார். வல்லுநர் வேலைகளின் பெயர்களை அடுக்கும்போது மனம் உடைந்துவிட வேண்டாம். அது ஒரு கற்பனை மனிதரைப் பற்றிய கேள்விக்கான பதில் மட்டுமே. வல்லுநரைக் குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த மனிதர் மாதத்தில் மூன்று நாள் வராவிட்டால் வேலை நிலைக்குமா, நடுவே படுக்க நேர்ந்தால் நிலைக்குமா என்று கேட்டால், பெரும்பாலான வல்லுநர்கள் நிலைக்காது என்றே சொல்வார்கள். அவர்கள் சார்ந்திருக்கும், வேலைகளை விவரிக்கும் அரசுத் தொழில் அகராதி கடைசியாகத் திருத்தப்பட்டது 1991இல் என்பதால், அவர் சொல்லும் வேலை இன்று உண்மையில் இருக்கிறதா என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

இந்தக் குறுக்குக் கேள்விக்காகவே வக்கீல் வைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. முன்பணம் தேவையில்லை. வழக்கமான ஒப்பந்தத்தில், வென்றால் மட்டும், கடந்த மாதங்களுக்காகச் சேர்ந்து கிடைக்கும் நிலுவைத் தொகையில் 25 சதவீதம் அல்லது அரசு விதித்த உச்சவரம்பு, இரண்டில் எது குறைவோ அது கட்டணம். 2024 நவம்பர் இறுதியில் அந்த உச்சவரம்பு 9,200 டாலர் ஆனது. மருத்துவ ஆவணங்கள் பெறும் செலவு தனியாக இருக்கலாம், அதைக் கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள்களில் தவற வேண்டாம். விசாரணைக்குக் குறைந்தது 75 நாட்களுக்கு முன்பே அறிவிப்பு அனுப்பப்படும். ஆதாரங்கள் எல்லாம் விசாரணைக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். மருத்துவமனை ஆவணம் தரத் தாமதித்தால், ‘இன்ன ஆவணம் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை’ என்று அதே கெடுவுக்குள் எழுத்தில் தெரிவித்துவிட்டால் உங்கள் உரிமை காக்கப்படும். சாதகமாக இல்லாத ஆவணத்தையும் மறைக்கக் கூடாது, அது விதி.

கேள்வி: என் அம்மாவுக்கும் இதே விசாரணை, காணொளியில் நடக்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நானே மொழிபெயர்க்கலாமா? (வாசகர், ஹூஸ்டன்)

பதில்: வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரை அரசே இலவசமாக ஏற்பாடு செய்யும், இப்போதே எழுத்தில் கேளுங்கள். அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்: ஆங்கிலக் கேள்வி பாதி புரிந்தாலும் தமிழில் வரும்வரை காத்திருந்து தமிழிலேயே பதில் சொல்லட்டும். காணொளி வேண்டாம், நேரில் வருகிறோம் என்றால், காணொளியில் நடக்கலாம் என்ற அந்த முதல் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். வலியால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டியவர் என்றால், நீதிபதி அதை நேரில் காண்பது நல்லது என்று நான் கருதுகிறேன்.

ஆங்கிலம் தெரியாதது முன்பு வயதானவர்களின் வழக்கில் ஓரளவு சாதகமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2020 ஏப்ரல் 27 முதல் அந்த விதி நீக்கப்பட்டுவிட்டது. முதிய வயதில் இங்கு வந்து உடலுழைப்பையே நம்பியவர்களுக்கு இது பெரும் இழப்பு, எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் அதை நம்பி வாதம் அமைக்காதீர்கள்.

மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு நீங்கள் சாட்சியாக வாருங்கள். அம்மா சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டாம். அவர் சொல்ல மறக்கும் அல்லது கூச்சப்படும் விஷயங்களை, குளிக்க யார் உதவுகிறார், இரவில் எத்தனை முறை எழுகிறார், எந்தெந்த வேலையை அவரிடமிருந்து எப்போது நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்பவற்றை, நீங்கள் கண்ணால் கண்டபடி சொல்லுங்கள். அம்மா சாட்சி சொல்லும்போது உங்களை வெளியே இருக்கச் சொல்லக்கூடும். அது சந்தேகத்தால் அல்ல, இரண்டு சாட்சியங்களும் தனித்தனியாக நிற்க வேண்டும் என்பதற்காகவே.