லண்டனில் தங்கச்சியின் 'பிப்' விண்ணப்பம்: திருகோணமலையிலிருந்து அண்ணன் எழுதும் கடிதம் சாட்சியாகுமா?

ஆகும், எழுதுங்கள்.

தங்கச்சிக்குக் கை கால் நலம், மனப்பதற்றத்தால் தனியே வெளியே போக முடியவில்லை, அதனால் மாற்றுத்திறனாளிகளுக்கான 'பிப்' கொடுப்பனவை மறுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். 2017 மார்ச்சில் பிரித்தானிய அரசு விதியை மாற்றி, மன உளைச்சலால் பயணம் செய்ய முடியாதவர்களுக்கு, இந்தக் கொடுப்பனவைத் தீர்மானிக்கும் புள்ளிகளைக் குறைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று லண்டன் உயர் நீதிமன்றம், இது அப்பட்டமான பாகுபாடு என்று அந்த மாற்றத்தை ரத்துச் செய்தது. அரசு மேன்முறையீடு செய்யவில்லை. அது நியாயமான தீர்ப்பு, மனநோயும் நோய்தான். ஆகவே, பழகிய வழியில்கூட ஒருவர் துணையின்றிப் பெரும்பாலான நாட்களில் போக முடியாது என்று காட்டினால் 12 புள்ளி, அதாவது 'பிப்' கொடுப்பனவில் வெளியே போய்வருவதற்கான நடமாட்டப் பகுதியின் உயர்ந்த தொகை.

காட்டுவதில்தான் பலர் தோற்கிறார்கள். டாக்டரின் கடிதம் நோயின் பெயரைச் சொல்லும். பஸ் தரிப்பிடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லாது. கடைக்குப் போய்த் திரும்பும்வரை வாட்ஸ்அப் வீடியோவில் நீங்கள் கூடவே இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சாட்சி. எத்தனை தடவை, எந்த இடத்தில் நின்று அழுதார், எப்போது பாதியில் திரும்பினார் என்று வீடியோவில் நீங்களே கண்டதை மட்டும் எழுதுங்கள். "மிகவும் கஷ்டப்படுகிறார்" என்ற பொது வரி உதவாது. தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேருங்கள்.

அப்புறம், மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் மறுத்தால் தீர்ப்பாயம்.