மலைக்குத் தலைவர் பெயர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் அலாஸ்காவில் உள்ள டெனாலி மலைக்கு மறுபடியும் பழைய அதிபர் மெக்கின்லியின் பெயரை வைத்ததைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். ‘ஜெயித்து வருகிறவர்கள் மலையில் கைவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

2008இல் ஒபாமா ஜெயித்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். ஆன்டிகுவா என்ற சின்னத் தீவு தன்னுடைய உயரமான மலைக்கே அவர் பெயரை வைத்தது என்று பிறகு படித்தபோது கண் கலங்கிவிட்டது. அடிமைகளின் வம்சத்தில் வந்த மக்கள், தங்களைப் போன்ற ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைக் கொண்டாடினார்கள். இதில் என்ன தப்பு? எந்த மலைக்கும் பெயர் தானாக முளைப்பதில்லை, யாரோ ஒருவர் வைத்ததுதானே? இன்று பழைய பெயர் என்கிறோமே, அதுவும் ஒருநாள் புதுப் பெயராக இருந்திருக்கும். தெருவுக்கும் பள்ளிக்கும் தலைவர்களின் பெயரை வைக்கலாம், மலைக்கு மட்டும் கூடாது என்பது என்ன நியாயம்? கடைசியில் அங்கே ஒபாமாவின் பெயரையும் எடுத்துவிட்டார்களாம். அது அந்த மக்களின் அன்பை அவமதிப்பது ஆகாதா? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

ர.,
திருநெல்வேலி

*

அன்புள்ள ர.,

ஒரு வரி போதாதுதான். நீங்கள் ஆன்டிகுவாவை எடுத்துப் பேசியது நல்லதாயிற்று. என் தரப்புக்கு எதிராக வைக்கக்கூடியவற்றில் ஆகச் சிறந்த உதாரணம் அது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆன்டிகுவா சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கரீபியத் தீவு. பிரிட்டிஷ் முதலாளிகள் அங்கிருந்த காட்டை அழித்துத் தீவு முழுக்கக் கரும்பு போட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகள்தான் அதில் உழைத்தார்கள். 1736இல் கிளாஸ் என்ற அடிமையின் தலைமையில் ஒரு கிளர்ச்சிக்குத் திட்டம் போட்டார்கள். அது வெளியே கசிந்துவிட்டது. கிளாஸைச் சக்கரத்தில் கட்டி எலும்புகளை உடைத்துக் கொன்றார்கள். அவரோடு சேர்ந்தவர்களில் பலரை உயிரோடு எரித்தார்கள். 1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி அடிமைமுறை ஒழிந்தது. நாடு விடுதலை பெற்றது 1981இல்.

தீவின் தென்மேற்கில் ஷெகர்லி மலைகள் என்று ஒரு தொடர் இருக்கிறது. அதில் உயர்ந்தது பாகி பீக், 402 மீட்டர். நம் கணக்கில் அது ஒரு குன்று. ஆனால் சமவெளி முழுவதும் கரும்பாகிவிட்ட தீவில், தோட்டத்திலிருந்து ஓடிப்போகிறவனுக்கு ஒளிந்துகொள்ள மிச்சமிருந்தது அந்த மலைப்பக்கம்தான். அங்கே மறைந்திருந்தவர்கள் யார் யார், எத்தனை நாள் தாக்குப்பிடித்தார்கள், பிடிபட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் எழுதிவைக்கப்படவில்லை. தோட்டக்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் சொத்து. ஓடிப்போனால் நஷ்டம்.

2008 நவம்பரில் ஒபாமா ஜெயித்த சூட்டோடு, ஆன்டிகுவாவின் பிரதமர் பால்ட்வின் ஸ்பென்சர் இந்த மலைக்கு அவர் பெயரை வைக்கப்போவதாக அறிவித்தார். 2009 ஆகஸ்ட் 4, ஒபாமாவின் பிறந்தநாளன்று, விழா எடுத்து அதைச் செய்தார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் துளியும் குறைத்துச் சொல்லமாட்டேன். நீங்கள் விடுதியில் கண் கலங்கியதும் உண்மை, அந்தத் தீவில் மக்கள் பட்ட பெருமிதமும் உண்மை.

ஆனாலும் அங்கே நடந்தது என்ன என்று பாருங்கள். ஓடிவந்து ஒளிந்தவர்களுடைய மலை அது. அவர்களுக்குக் கல்லறை இல்லை, சிலை இல்லை, பலருக்குப் பெயர்கூட நம்மிடம் இல்லை. அவர்கள் இருந்ததற்குச் சாட்சியாக நிற்பது அந்த மலை ஒன்றுதான். அதைக் கொண்டுபோய், உலகத்தில் அன்றைக்கு ஆக அதிகமாக உச்சரிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பெயருக்குக் கொடுத்தார்கள். ஒபாமா அப்போது பதவியேற்று ஏழு மாதம்கூட ஆகவில்லை. அவர் நல்ல அதிபராக இருப்பாரா மாட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. அவர் ஜெயித்தார் என்பது மட்டும் தெரியும். ஜெயித்தவருக்கு ஏற்கெனவே எல்லாம் கிடைத்துவிட்டது. எனக்குள்ள வருத்தம் அதுதான். அந்த மலைக்கு யார் பெயரையாவது வைத்தே ஆகவேண்டும் என்றிருந்தால், கிளாஸின் பெயரை வைத்திருக்கலாமே?

அப்புறம் 2014 தேர்தலில் ஸ்பென்சரின் கட்சி தோற்றது. காஸ்டன் பிரவுன் பிரதமரானார். 2016இல் மலை மறுபடி பாகி பீக் ஆனது. இது மக்களின் அன்பை அவமதிப்பது ஆகாதா என்று கேட்கிறீர்கள். பழைய பெயர் திரும்பியதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அது வந்த வழி சங்கடமாகத்தான் இருக்கிறது. ஓர் அரசாங்கம் வைத்தது, அடுத்த அரசாங்கம் எடுத்தது. தேர்தலோடு வந்த பெயர் இன்னொரு தேர்தலோடு போய்விட்டது. முதலில் அதை வைக்காமல் இருந்திருந்தால் எடுக்கவேண்டிய அவமதிப்பும் நேர்ந்திருக்காது.

இப்போது டெனாலிக்கு வருகிறேன். அதன் கதையும் ஒரு தேர்தலில்தான் தொடங்குகிறது, ஆனால் அங்கே அன்புகூட இல்லை.

1896இல் வில்லியம் டிக்கி என்பவர் தங்கம் தேடி அலாஸ்காவில் சுசிட்னா ஆற்றுப்பக்கம் போனார். அந்தப் பிரம்மாண்டமான மலையைப் பார்த்தார். காட்டைவிட்டு வெளியே வந்ததும் அவர் காதில் விழுந்த முதல் செய்தி, ஒஹையோவைச் சேர்ந்த வில்லியம் மெக்கின்லி குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகிவிட்டார் என்பது. மெக்கின்லி, பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு மட்டும் கட்டிவைக்கும் முறையை ஆதரித்தவர். எதிர்த்து நின்ற பிரையன் வெள்ளியையும் சேர்க்கவேண்டும் என்றவர். தங்கம் தேடுகிறவருக்கு யாரைப் பிடிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. 1897 ஜனவரியில், மெக்கின்லி ஜெயித்து இன்னும் பதவியேற்காத நாட்களில், டிக்கி நியூயார்க் பத்திரிகை ஒன்றில் தன் பயணத்தைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரையில் மலைக்கு மெக்கின்லி என்று பெயரிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. 1901இல் மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்டதும் அதன்மேல் ஒரு புனிதமும் ஏறிவிட்டது. 1917இல் அங்கே தேசியப் பூங்கா அமைத்தபோது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தப் பெயரையே சட்டத்திலும் எழுதிவிட்டது. மெக்கின்லி தன் வாழ்நாளில் அலாஸ்காவில் காலடி வைத்ததில்லை.

அந்த மலையைச் சுற்றி வாழும் பூர்வகுடிகளான அத்தபாஸ்கன் மக்கள் தலைமுறை தலைமுறையாக அதை டெனாலி என்று சொல்லிவந்தவர்கள். இதை முதலில் உரக்கச் சொன்னவர் ஹட்சன் ஸ்டக் என்ற பாதிரியார். 1913 ஜூன் 7 அன்று அந்தச் சிகரத்தின் உச்சியை முதன்முதலாக எட்டிய நால்வர் குழுவை அழைத்துப்போனவர் அவர். உச்சியில் முதலில் கால்வைத்தது யார் தெரியுமா? வால்டர் ஹார்ப்பர். இருபது வயது இளைஞர், தாய்வழியில் அத்தபாஸ்கன். ஸ்டக் அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தை மலையேற்றத்திலிருந்து தொடங்கவில்லை. இந்த மலைக்கு அதன் பழைய பெயரைத் திருப்பிக் கொடுங்கள் என்ற வேண்டுகோளோடுதான் தொடங்கினார். தன் மனதில் முன்னால் நிற்பது அது, ஆகவே புத்தகத்திலும் முன்னால் வைக்கிறேன் என்கிறார். அந்த மக்களோடு பழகியவருக்கு அது உறுத்தியிருக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வாஷிங்டனில் இருந்தவர்களுக்கு உறுத்தவில்லை. நான்கே வருடத்தில் சட்டத்தில் மெக்கின்லி என்றே எழுதினார்கள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1975இல் அலாஸ்கா மாநிலம் டெனாலி என்ற பெயரை ஏற்றுக்கொண்டு, மத்திய அரசும் மாற்றவேண்டும் என்று கேட்டது. அமெரிக்காவில் இடப்பெயர்களை முடிவுசெய்ய 1890இலிருந்தே ஒரு வாரியம் இருக்கிறது. ஒரு பெயரைப் பற்றிக் காங்கிரஸில் மசோதா நிலுவையில் இருந்தால் அந்தப் பெயரைத் தொடுவதில்லை என்பது வாரியத்தின் வழக்கம். மெக்கின்லியின் ஊரான கேன்டன் பகுதியின் எம்.பி. ரால்ஃப் ரெகுலா இதைப் பிடித்துக்கொண்டார். மெக்கின்லி பெயரே நீடிக்கவேண்டும் என்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவேண்டிய அவசியம்கூட இல்லை, நிலுவையில் கிடந்தால் போதும். காங்கிரஸின் காலம் முடிந்து புதுக் காங்கிரஸ் கூடும்போதெல்லாம் மறுபடி கொண்டுவந்தார். 2009இல் அவர் ஓய்வுபெறும் வரைக்கும் வாரியத்தால் கையை அசைக்க முடியவில்லை. பூங்காவின் பெயர் மட்டும் 1980இல் டெனாலி என்று மாறியது. டெனாலி பூங்காவுக்குள் மெக்கின்லி மலை நின்றது.

2015இல் ஒபாமாவின் அரசு மலைக்கும் டெனாலி என்ற பெயரை மீட்டுக்கொடுத்தது. நீங்கள் கொண்டாடும் அதே ஒபாமா. தன் பெயரில் கரீபியனில் ஒரு மலை இருந்த காலத்தில்தான், தனக்கு முன்னிருந்த அதிபர் ஒருவரின் பெயரை வேறொரு மலையிலிருந்து எடுத்து, அங்கே வாழும் மக்கள் சொல்லிவந்த பெயரை வைத்தார். அது நல்ல செயல் என்று நீங்களும் நினைப்பீர்கள் என்றே நம்புகிறேன். 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற முதல் நாளே, டிரம்ப் அதைத் திருப்பிவிட்டார். அலாஸ்காவின் சொந்தக் குடியரசுக் கட்சி செனட்டர் லிசா மர்கௌஸ்கியே எதிர்த்தார். அந்த மாநிலச் சட்டமன்றமும் டெனாலிதான் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெயரோ ஒஹையோக்காரருடையது, ஆணை வாஷிங்டனுடையது, மலை மட்டும் அலாஸ்காவில்.

மலைக்குப் பெயர் யாரோ வைத்ததுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பாகி பீக் என்பதும் ஆங்கிலப் பெயர்தான், அடிமைகள் கொண்டுவந்த மொழிகளில் எதையும் சேர்ந்ததல்ல. ஆனால் அந்தப் பெயரைப் பல தலைமுறை புழங்கியிருக்கிறது. வழி சொல்ல, மழை வருகிற திசையைக் காட்ட, பிள்ளைகளுக்குக் கதை சொல்ல என்று புழங்கிப் புழங்கி அது அவர்களுடையதாகிவிட்டது. டிக்கி வைத்த பெயர் ஒரு பத்திரிகைப் பத்தியில் பிறந்தது. ஸ்பென்சர் வைத்த பெயர் ஒரு அறிவிப்பில் பிறந்தது. முதல் நாளில் எல்லாப் பெயரும் புதுசுதான், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெயரை வைக்கும்போது அங்கே வாழ்கிறவர்களைக் கேட்டார்களா, ஏற்கெனவே இருந்த பெயரைத் தூக்கிப்போட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

தெருவும் பள்ளியும் வேறு விஷயம். அவற்றை நாம் கட்டுகிறோம். கட்டியவர்களுக்குப் பெயர் வைக்க உரிமை உண்டு, பிடிக்காவிட்டால் மாற்றவும் உண்டு. இதற்கு அமெரிக்காவிலேயே தெளிவான ஓர் உதாரணம் இருக்கிறது. 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்ட ஒரே வாரத்துக்குள், அதிபர் ஜான்சன் புளோரிடாவின் விண்வெளி ஏவுதளத்துக்குக் கென்னடியின் பெயரை வைத்தார். அதோடு நில்லாமல், அது இருந்த கேப் கனாவெரல் முனைக்கும் அவர் பெயரே வந்தது. ஸ்பானியர்கள் காலத்திலிருந்து நானூறு வருடமாக வரைபடங்களில் இருந்த பெயர் அது. அந்தப் பகுதி மக்களுக்குக் கென்னடிமேல் வெறுப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் முனையின் பெயரை இழக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. பத்து வருடம் விடாமல் கேட்டு, 1973இல் புளோரிடா சட்டமன்றம் வழியாகக் கனாவெரலை மீட்டார்கள். கென்னடி விண்வெளி மையம் இன்றும் கென்னடி விண்வெளி மையம்தான். அதை மாற்றவேண்டும் என்று அவர்கள் கேட்கவே இல்லை. நிலவுக்கு மனிதனை அனுப்புவோம் என்று சொன்னவரின் பெயர் அந்த மையத்துக்குப் பொருத்தமானது. கடலுக்குள் நீண்டிருக்கும் மணல்முனைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

நான் சொன்ன அந்த வாரியம் இன்னொரு விதியும் வைத்திருக்கிறது. ஒருவர் இறந்து ஐந்து வருடமாவது ஆகாமல் அவர் பெயரை இயற்கை இடங்களுக்குப் பரிசீலிப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. துக்கமும் கொண்டாட்டமும் கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் யோசிப்போம் என்கிறார்கள். ஐந்து வருடம் போதாது, ஐம்பது வேண்டும் என்பேன். ஆனால் காங்கிரஸோ அதிபரோ நினைத்தால் வாரியத்தைத் தாண்டிவிடலாம், 2025இல் அதுதானே நடந்தது.

மெக்கின்லியை நான் குறைத்துப் பேசுவதாக ஒஹையோக்காரர் யாராவது நினைத்தால் அவருக்கும் சொல்லிவிடுகிறேன். கேன்டனில் அவருக்குப் பெரிய நினைவு மண்டபம் இருக்கிறது. பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள், பள்ளிப் பிள்ளைகள்கூடக் காசு கொடுத்தார்கள். 1907இல் திறந்தார்கள். அவரும் அவர் மனைவியும் அங்கேதான் இருக்கிறார்கள். தங்கள் தலைவருக்காகத் தங்கள் ஊரில், தங்கள் காசில் கட்டியது. அதன் பெயரை மாற்றச் சொல்லி அலாஸ்காவிலிருந்து யாரும் மனு போடவில்லை.

மத்திய அரசின் வரைபடத்தில் இப்போது மெக்கின்லி என்றுதான் இருக்கிறது. பூங்காவின் பெயர் டெனாலியாகவே தொடர்கிறது. இந்தத் தளத்தில் அந்த மலையைப் பற்றி எழுத நேரும்போதெல்லாம் நான் டெனாலி என்றே எழுதுவேன். உங்களுக்கு இதற்குப் பிறகும் உடன்பாடு இல்லையென்றால் கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்