இணையப் படிவமா, அச்சுப் படிவமா?

மயிலாப்பூரில் பாட்டு வகுப்பு நடத்துபவர்: சேர்க்கைப் படிவத்தைப் பிடிஎஃப்பாக இணையதளத்தில் வைத்திருக்கிறோம். ஆர்வமாக விசாரிப்பவர்கள்கூட அனுப்புவதில்லை, ஏன்?

பதில்: பெரும்பாலும் போனில் பார்க்கிறார்கள், வீட்டில் பிரிண்டர் இருக்காது. ஜெராக்ஸ் கடைக்குப் போய், எழுதி, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போடுவார்கள். படம் வந்தாலும் அதைப் பார்த்து நீங்கள் எக்செல்லில் ஏற்ற வேண்டும். கூகுள் ஃபார்ம்ஸில் போடுங்கள், அதை ஒரு கூகுள் ஷீட்டோடு இணைத்துவிட்டால் பதில்கள் நேரே அதில் சேரும். ஆனால் கோப்பு பதிவேற்றும் கேள்வி வைத்தால் நிரப்புபவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். புகைப்படத்தை முதல் வகுப்பன்று வாங்கிக்கொள்ளலாமே.

வேளச்சேரி குடியிருப்புச் சங்கச் செயலாளர்: எங்களிடம் வயதானவர்கள் அதிகம். அச்சுப் படிவமே போதுமா?

பதில்: இரண்டும் வேண்டும். வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 6-ஐ இணையத்திலும் நிரப்பலாம், தாளிலும் கொடுக்கலாம். அதே ஏற்பாட்டைச் செய்யுங்கள். கேள்விகளும் அவற்றின் வரிசையும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். தாளில் வந்ததைச் சங்கத்தில் ஒருவர் அதே இணையப் படிவத்தில் ஏற்றிவிட்டால் பட்டியல் ஒன்றாகவே இருக்கும். ஏ4 தாளில் ஒரே பக்கம், பெரிய எழுத்து, கை நடுங்குபவரும் எழுதக்கூடிய அகலமான இடம்.

அம்பத்தூர் வாசகர்: டிசைனர் ‘குடும்பப் பெயர்’ பெட்டியைக் கட்டாயமாக்கிவிட்டார். பலர் தடுமாறுகிறார்கள்.

பதில்: அந்தப் பெட்டியை இன்றே எடுத்துவிடுங்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். பெட்டி கட்டாயம் என்றால் ஒருவர் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை, மற்றொருவர் வெறும் புள்ளியை. ஒரே ஆள் அடுத்த வருடம் வேறு மாதிரி நிரப்பினால் பட்டியலில் இரண்டு பேராகிவிடுவார். ‘சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று ஒரே பெட்டி வையுங்கள். தாளிலும் இப்படித்தான்.

பெரம்பூரில் மாணவர்களுக்கு உதவும் அறக்கட்டளை: பெற்றோர் கையெழுத்து வேண்டும். இணையத்தில் பெயரைத் தட்டச்சு செய்தால் போதுமா?

பதில்: போதாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுக் கையொப்பத்தை ஏற்கிறது, ஆனால் அது வரையறுத்த முறையில் இடப்பட வேண்டும். உங்களுக்கு எளிய வழி, விவரங்களை இணையத்தில் வாங்கி, ஒப்புதலை மட்டும் ஒரு பக்கத் தாளில் கையெழுத்தாகப் பெறுவது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களுக்குச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதலை அது கேட்கிறது. தாளில் வாங்கிப் பிறகு கணினியில் ஏற்றும் தகவலும் அதற்குள் வரும். தேவையில்லாமல் ஆதார் எண் கேட்காதீர்கள், பிள்ளைகளின் விவரம் அது.

தாம்பரம் வாசகர்: பிடிஎஃப்பிலேயே தமிழில் தட்டச்சு செய்யும்படி வைக்கலாமா?

பதில்: நான் வைக்க மாட்டேன். பல போன்களில் அந்தப் பெட்டி திறக்காது, திறந்தாலும் சில செயலிகளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பிடிஎஃப் அச்சிட மட்டும் இருக்கட்டும். யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துவிடுங்கள். ஜெராக்ஸ் கடைக் கணினியில் கட்டம் கட்டமாக வராது.