மாமனாரின் இறுதி ஊர்வலத்துக்கு மோட்டார் சைக்கிள் அணி: காசு கிடையாது, அழைப்பு வேண்டும்

ஆழ்ந்த இரங்கல்கள். வியட்நாம் போரில் இருந்த உங்கள் அமெரிக்க மாமனாரின் அடக்கத்துக்கு மோட்டார் சைக்கிள்காரர்கள் வருவார்களா, எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு காசும் வேண்டாம். பேட்ரியாட் கார்ட் ரைடர்ஸ் என்று 2005-இல் தொடங்கிய தன்னார்வ அமைப்பு அங்கே இருக்கிறது, ஆனால் குடும்பம் அழைக்காமல் வர மாட்டார்கள், அதனால் முதலில் மாமியாரின் சம்மதத்தைக் கேளுங்கள், அப்புறம் இறுதிச்சடங்கை நடத்துபவரிடம் சொன்னால் அவரே பேசிவிடுவார், இல்லாவிட்டால் அமைப்பின் இணையதளத்தில் நீங்களே கேட்கலாம். சவ வண்டியோடு துணைக்கு வருவார்கள், கல்லறையில் கொடி பிடித்து வரிசையாக நிற்பார்கள். சத்தம்தான் உங்கள் கவலை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ராணுவ மரியாதை வேறு, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சீருடையில் குறைந்தது இரண்டு பேர் வந்து, கொடியை மடித்து மாமியார் கையில் கொடுத்து, டாப்ஸ் என்ற அந்த ஊதுகுழல் இசையை ஒலிக்கச் செய்வது சட்டப்படி கிடைக்கும் உரிமை. அதற்கு டிடி 214 என்ற பணிவிடுப்புச் சான்று கேட்பார்கள். அவருடைய பழைய பெட்டிகளில் இன்றைக்கே தேட ஆரம்பியுங்கள், கடைசி நேரத்தில் எல்லோரும் தவிப்பது இந்தக் காகிதத்துக்குத்தான்.